பதினொன்றில் எதை எடுத்துப் போவது?

கேள்வி: சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் ஜாவா என்ற நிரல் மொழியில் வேலை செய்தேன். பெரும்பாலும் ஒரு வங்கிக்கான இரவு நேர பேட்ச் வேலைகள். நாள் முடிவில் கணக்குகளைத் திரட்டும் நிரல்களைப் பராமரிப்பதும், தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் வினவல்கள் மெதுவாக ஓடினால் அவற்றைச் சரிசெய்வதும் என் பொறுப்பு. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல ஓர் இண்டெக்ஸ் போட்டால் நாற்பது நிமிட வினவல் இரண்டு நிமிடத்தில் முடியும். ஏன் என்று மட்டும் கடைசிவரை எனக்குத் தெரிந்ததில்லை. 2018-இல் மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். பிறகு மாமியாருக்குப் பக்கவாதம், கொரோனா, கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் என்று ஏழு ஆண்டுகள் போய்விட்டன. இப்போது நியூயார்க்கில் உள்ள ரிகர்ஸ் சென்டரின் புரோகிராமிங் ரிட்ரீட்டில் (நிரலாளர்கள் கூடிக் கற்கும் முகாம்), ஆன்லைன் வழியாக ஆறு வாரங்கள் கலந்துகொள்ள இடம் கிடைத்திருக்கிறது. அங்கே பாடத்திட்டமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. என்ன கற்பது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டுமாம். நான் எழுதியிருக்கும் பட்டியல் இது: ஜாவாவின் புதிய பதிப்புகள், ஜாவாவுக்கான ஸ்பிரிங் பூட் 3 கட்டமைப்பு, ரஸ்ட் மொழி, நிரல்களைப் பொதிந்து ஓட்டும் டாக்கர், அந்தப் பொதிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ், கிளவுட் சான்றிதழ், வலைப்பக்கங்களுக்கான ரியாக்ட், மெஷின் லேர்னிங், நேர்காணலுக்காக லீட்கோட் தளத்தின் நிரல் கணக்குகள் 150, டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புகள்), குழந்தைகள் தமிழ் படிக்க ஒரு செயலி. "முடித்தால் சான்றிதழ் தருவார்களா?" என்று கணவர் கேட்கிறார். எனக்கோ, கூட வருபவர்கள் எல்லோரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்களாக இருப்பார்களே என்ற பயம். ஏஐ கருவிகளே நிரல் எழுதிக் கொடுக்கும் காலத்தில் இதெல்லாம் வீண் வேலையோ என்றும் தோன்றுகிறது. எப்படிக் குறிக்கோள் வகுப்பது? எந்த மொழியில் எழுதுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பதினொன்றில் பத்தை அடித்துவிடுங்கள். மீதியிருக்கும் ஒன்றையும் பாதியாக்கச் சொல்வேன். எதை, ஏன் என்பதற்குள் போவதற்கு முன்னால் கணவரின் கேள்வியை முடித்துவிடலாம். சான்றிதழ் தரமாட்டார்கள். மதிப்பெண், தேர்வு எதுவும் கிடையாது. கட்டணமும் கிடையாது. அங்கே பயின்றவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் தரும் தொகையில்தான் அந்த அமைப்பு நடக்கிறது. 2011-இல் ஹேக்கர் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் ரிகர்ஸ் சென்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். பள்ளி என்ற சொல் போனதே நல்லது என்பேன். பள்ளி என்றதும் நம் ஊரில் முதலில் தேடுவது சான்றிதழைத்தானே. ஆறு வாரம் கழித்து உங்கள் கையில் இருக்கப்போவது நீங்கள் எழுதிய நிரலும், அதைப் பற்றி உங்களால் பேச முடிவதும்தான். வேலைச் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டா என்று அவர் அடுத்துக் கேட்பார். உண்டு, நிரலைப் பொறுத்து. அதனால்தான் குறிக்கோள் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலில் எனக்குத் தெரிவது பயம். நீங்கள் இல்லாத ஏழு ஆண்டுகளில் என்னென்ன வந்தனவோ அத்தனைக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வட்டியோடு சேர்த்து அடைக்க வேண்டிய கடனாக அந்த ஆண்டுகளைப் பார்க்கிறீர்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்ப வருகிறவர்கள், அதிலும் பெண்கள், எழுதும் பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே இப்படித்தான் இருக்கும். வேலையை விடாமல் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்த உங்கள் பழைய சகாக்களிடம் இதே பதினொன்றைக் காட்டிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ தெரிந்திருக்கும். பலருக்கு அதுவும் மேலோட்டமாகத்தான்.

உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள், மிரட்சி குறையும். நீங்கள் விட்டபோது பெரும்பாலான வங்கி நிரல்கள் ஜாவா 8-இல் ஓடிக்கொண்டிருந்தன. அது 2014-இல் வந்தது. அதற்குப் பின் வந்தவற்றில் வேலை இடங்களில் அதிகம் காதில் விழுவது 2021-இல் வந்த 17-உம் 2023-இல் வந்த 21-உம். மொழிக்குள் வந்த புது வசதிகளான ரெக்கார்டு, டெக்ஸ்ட் பிளாக், சுவிட்ச்சின் புது வடிவம், 21-இல் விர்ச்சுவல் திரெட்: இவ்வளவையும் ஒன்பது ஆண்டு ஜாவா எழுதியவர் ஒரு வார இறுதியில் பார்த்துவிடலாம். ஸ்பிரிங் பூட் 3 வந்தது 2022 நவம்பரில். குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்பதும், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியதும்தான் உங்களைப் போன்றவர்கள் முதலில் இடறும் இடம். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் 2019-இலிருந்து செக்அவுட் கட்டளை செய்த வேலையைச் செய்ய சுவிட்ச், ரிஸ்டோர் என்று இரண்டு புதுக் கட்டளைகள் இருக்கின்றன. பழையதும் வேலை செய்யும். டாக்கருக்கு நான்கைந்து மாலைப் பொழுதுகள் போதும். குபர்நெட்டிஸ் வேலை கிடைத்த பிறகு, அந்த இடத்தில் தேவைப்பட்டால்.

கவனித்தீர்களா, இவை எல்லாமே நீங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடியவை. என் அளவுகோல் இதுதான்: தனியாகச் செய்ய முடிந்ததை ரிட்ரீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வீடியோக்களும் புத்தகங்களும் ஆறு வாரம் கழித்தும் இருக்கும். பத்து நாடுகளிலிருந்து வந்து, சம்பளக் கவலையும் டெட்லைனும் இல்லாமல், உங்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் ஒரே பிழையைத் தேட ஆர்வத்தோடு உட்காரும் மனிதர்கள் இருக்கமாட்டார்கள். அந்த மனிதர்கள் இருந்தால் மட்டுமே நடக்கக்கூடியது எதுவோ, அதற்குத்தான் குறிக்கோளில் இடம்.

இந்த அளவுகோலை வைத்தால் பட்டியல் தானாகவே கரைகிறது. ஜாவா, ஸ்பிரிங், டாக்கர் மூன்றையும் ரிட்ரீட் தொடங்கும் முன்பே வீட்டில் முடிந்தவரை பாருங்கள். கிளவுட் சான்றிதழுக்கும் ரியாக்ட்டுக்கும் அங்கே வேலையே இல்லை. மெஷின் லேர்னிங்கும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸும் ஆறு வாரக் குறிக்கோள்கள் அல்ல, துறைகளின் பெயர்கள். ஒரு துறையின் பெயரைக் குறிக்கோளாக எழுதினால் என்றைக்கு அது முடிந்தது என்று சொல்லவே முடியாது. தமிழ் படிக்கும் செயலி அருமையான எண்ணம், மகளுக்காகச் செய்யுங்கள். ஆனால் அதில் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது படம் வரைவதும் ஒலிப்பதிவும் பொத்தான்களை ஒழுங்குபடுத்துவதும். நிரலாளராக நீங்கள் வளரும் பங்கு அதில் குறைவு.

லீட்கோட்டைத்தான் பாதியாக்கச் சொன்னேன். கணக்குகளைப் போட்டுப் பழகுவது தனியாகச் செய்யும் வேலை. அது வெளியே போகட்டும். எதிரே ஒருவர் இருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரல் எழுதுவது தனியாகப் பழக முடியாதது. ஏழு ஆண்டுகளாகத் தொழில் பேச்சே பேசாதவருக்கு அதுதான் பெரிய தடை. உங்கள் குழுவில் வேலை தேடுகிறவர்கள் கண்டிப்பாகச் சிலர் இருப்பார்கள். அவர்களோடு மாதிரி நேர்காணல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி இரண்டு வாரங்களில், வாரத்துக்கு ஒன்று. ஒருமுறை நீங்கள் பதில் சொல்பவர், மறுமுறை கேட்பவர். கேட்பவராக இருக்கும்போது கற்றுக்கொள்வதே அதிகம் என்பது என் கருத்து.

சரி, முதன்மையாக எதைச் செய்வது? பட்டியலில் இல்லாத ஒன்றை, கடிதத்தின் நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது நிமிட வினவல் இரண்டு நிமிடமானது, ஏன் என்று கடைசிவரை தெரிந்ததில்லை. ஒன்பது ஆண்டு வேலையில் உங்களுக்கு இயல்பாக எழுந்த கேள்வி அது. இடைவெளி ஏழு ஆண்டு கழிந்த பின்னும் ஒரு வரியில் வந்து நிற்கிறது. பதினொன்றும் மற்றவர்கள் சொல்லிக் கேட்டவை. இது உங்களுடையது.

ஒரு குட்டித் தரவுத்தள வாசிப்பான் எழுதுங்கள். எஸ்க்யூஎல்லைட் என்ற தரவுத்தளத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்டது. உங்கள் கைபேசிக்குள் இப்போதும் பல செயலிகள் அதில்தான் தகவல்களைச் சேமித்துக்கொண்டிருக்கின்றன. அதன் மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பின் அமைப்பு பைட் பைட்டாகப் பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. எந்த நூலகத்தின் உதவியும் இல்லாமல், அந்தக் கோப்பை நேரடியாகத் திறந்து படித்து, ஓர் எளிய வினவலுக்கு விடை சொல்லும் நிரலை நீங்களே எழுத வேண்டும். அதே வினவல் இண்டெக்ஸ் இல்லாமல் எத்தனை பக்கங்களைப் படிக்கிறது, இண்டெக்ஸோடு எத்தனை என்று எண்ணிக் காட்ட வேண்டும். குறிக்கோள் அவ்வளவே. முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம்.

விடை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன். அது ரகசியமல்ல, நீங்களே செய்து பார்க்கும்போதுதான் அதற்கு அர்த்தம். எஸ்க்யூஎல்லைட் கோப்பு சம அளவுப் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் ஒரு பக்கம் 4096 பைட். ஒரு வரிசைக்கு நூறு பைட் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு நாற்பது வரிசைகள், பத்து லட்சம் வரிசைகளுக்குச் சுமார் 25,000 பக்கங்கள். இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு கணக்கு எண்ணைத் தேடினால் அத்தனையையும் புரட்ட வேண்டும். இண்டெக்ஸ் இருந்தால், மரம்போலக் கிளைக்கும் பி-ட்ரீ என்ற அமைப்பின் உச்சியில் ஒரு பக்கம், அதன் கீழே ஒன்று, அடியில் ஒன்று, பிறகு அட்டவணையிலும் அதேபோல. மொத்தம் ஆறேழு பக்கங்கள். போயிங் நிறுவனத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்டு மெக்ரைட்டும் 1970-இல் முன்வைத்த அமைப்பு அது. உங்கள் வங்கியின் தரவுத்தளம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம், அடியில் ஓடிய கருத்து பெரும்பாலும் இதே குடும்பம்தான். 25,000 எங்கே, ஆறேழு எங்கே! அந்த இரண்டு எண்களையும் உங்கள் சொந்த நிரல் திரையில் அச்சிடும் நாளில் பழைய பேட்ச் வேலைகள் அத்தனையும் உங்களுக்குப் புதிதாகப் புரியும். நேர்காணலில் "ஏழு ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பவரிடம் குடும்பக் கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு இதைப் பேசலாம்.

முதல் வாரம் கோப்பின் தலைப்பகுதியைப் படித்து, உள்ளே என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன என்று பெயர்களை அச்சிட்டால் போதும். அது சின்ன வேலையாகத் தெரியும். முதல் வாரம் புது மனிதர்கள், அறிமுகங்கள், சாட் உரையாடல்கள் என்று பாதி போய்விடும் என்பதால் வேண்டுமென்றே சின்னதாக வைக்கிறேன். இரண்டாவதில் ஒரு அட்டவணையின் எல்லா வரிசைகளையும் படிப்பது. மூன்றாவது வாரம்தான் கடினம். அட்டவணை பெரிதாகும்போது பக்கங்கள் மரமாகக் கிளைக்கும், அதில் இறங்கத் தெரிய வேண்டும். அநேகமாக அந்த வாரம் எதுவும் ஓடாது. ஓடாத அந்த நாட்களில்தான் மனம் "ரஸ்ட்டே எடுத்திருக்கலாம், ரியாக்ட்டாவது வேலைக்கு ஆகியிருக்கும்" என்று தொடங்கும். இப்போதே ஒரு விதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குறிக்கோளை மாற்றலாம், ஆனால் நிரல் ஓடாத நாளில் மாற்றக்கூடாது. ஏதாவது ஒன்று சரியாக ஓடிய நாளின் மாலையில் உட்கார்ந்து யோசித்து, அப்போதும் மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். நான்காவது வாரம் இண்டெக்ஸ். ஐந்தாவது வாரத்தைக் காலியாக விடுங்கள், அது எப்படியும் நிரம்பிவிடும். ஆறாவது வாரம் புதிதாக எதுவும் எழுதாமல், செய்ததை ஐந்து நிமிடத்தில் மற்றவர்களுக்குக் காட்டவும் ஒரு கட்டுரையாக எழுதவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் எழுதும் வசதி, ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவது, மின்சாரம் போனால் மீள்வது எல்லாம் கண்ணைச் சிமிட்டி அழைக்கும். வேண்டாம். செய்யப்போவதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல் குறிக்கோளுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அலுவலகத்தில் அந்தப் பட்டியலை மேனேஜர் வைத்திருப்பார், வாடிக்கையாளர் வைத்திருப்பார். இங்கே நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

ரிகர்ஸ் சென்டர் தன்னிடம் வருபவர்களுக்கு மூன்று வழிகாட்டுதல்களை முன்வைக்கிறது. உங்கள் திறனின் விளிம்பில் நின்று வேலை செய்யுங்கள், சுயமாகத் தீர்மானிக்கும் தசையை வலுவாக்கிக்கொள்ளுங்கள், கற்பதில் தாராளமாக இருங்கள் என்பவை அவை. இரண்டாவதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கப்போகிறது, இடைவெளியால் மட்டுமல்ல. சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் டிக்கெட் என்ற பெயரில் வேலைக் கோரிக்கை வரும், முடிப்பீர்கள். வீட்டில் ஏழு ஆண்டுகள் யாருக்காவது ஏதாவது வேண்டியிருக்கும், செய்வீர்கள். "இன்று எனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று கேட்டு அதன்படி ஒரு காலைப் பொழுதைச் செலவழித்துப் பதினாறு ஆண்டுகள் இருக்கும். பலருக்குக் கல்லூரியிலும் அது வாய்த்திருக்காது. எனவே முதல் சில நாட்கள் திகைத்து உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள். தினமும் காலையில் மூன்று வரி எழுதுங்கள்: நேற்று எங்கே நின்றேன், இன்று எதை ஓடவைக்கப் பார்க்கிறேன், யாரிடம் பேசப்போகிறேன். அங்கே எல்லோரும் தங்கள் அன்றாட நிலவரத்தைச் சாட்டில் பதிவிடும் வழக்கம் உண்டு. அதிலேயே போட்டுவிடலாம். மற்றவர்கள் படித்துவிட்டு "எனக்கும் பி-ட்ரீயில் ஆர்வம்" என்று வருவார்கள். வராவிட்டால் நீங்கள் போங்கள்.

அதுதான் இரண்டாவது குறிக்கோள், மனிதர்களைப் பற்றியது. வாரத்துக்கு மூன்று முறையாவது வேறொருவரோடு சேர்ந்து ஒரே திரையில் நிரல் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் புரோகிராமிங் என்று அங்கே அதற்குத் தனி மரியாதை. அதில் ஒன்றாவது அவர்களுடைய நிரலாக இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாத மொழியாக இருந்தாலும் பரவாயில்லை. ரஸ்ட் கற்க ஆசையிருந்தால் இதுதான் வழி, ரஸ்ட் எழுதுபவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள்.

இளையவர்கள் பற்றிய பயத்துக்கு வருகிறேன். உங்களைவிடப் பத்து வயது இளையவர்கள் இருப்பார்கள், உண்மை. பத்து வயது மூத்தவர்களும் இருப்பார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், இசைக்கலைஞராகவோ ஆய்வு மாணவராகவோ இருந்து இப்பக்கம் திரும்பியவர்கள் என்று அங்கே கலவை அதிகம். இந்தப் பயத்தின் உள்ளே இருப்பது வயது அல்ல என்று நினைக்கிறேன். "என்னது, இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான். அந்தக் கேள்வியை அங்கே விதி போட்டே தடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால் வியப்பதுபோலக் காட்டக்கூடாது. பேச்சின் போக்கை மாற்றாத சின்னப் பிழையைப் பிடித்துக்கொண்டு திருத்தக்கூடாது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது எட்டிப்பார்த்து அறிவுரை வீசக்கூடாது. ஒருவரின் பாலினம், இனம் போன்றவற்றைத் தொட்டு மறைமுகமாகக்கூடக் குத்தக்கூடாது. நம் அலுவலகங்களில் முதல் மூன்றும் இல்லாவிட்டால் கூட்டமே நடக்காது, அது வேறு விஷயம். விதி உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு இளைஞருக்கு, அட்டவணைகளை இணைக்கும் எஸ்க்யூஎல் ஜாயின் தெரியாதபோது உங்கள் புருவமும் உயரக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் நிரலைப் பார்த்தார்கள், பேசிப் பார்த்தார்கள், பிறகு உங்களோடு உட்கார்ந்து நிரல் எழுதியும் பார்த்தார்கள். அதற்குப் பின்தான் இடம் கொடுத்தார்கள். இடைவெளிக்குப் பிறகு திறமை மிஞ்சியிருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு விடை அந்த மின்னஞ்சலிலேயே வந்துவிட்டது. அதை நிரூபிப்பதைக் குறிக்கோளாக மறுபடியும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வேலையை விட்டபோது சாட்ஜிபிடி இல்லை, அது 2022 நவம்பரில்தான் வந்தது. இன்று நான் மேலே சொன்ன வாசிப்பான் முழுவதையும் அப்படி ஒரு கருவியிடம் கேட்டால் ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்துவிடும். அப்படியானால் ஏன் ஆறு வாரம்? உலகத்துக்கு இன்னொரு எஸ்க்யூஎல்லைட் வாசிப்பான் தேவைப்பட்டதால் நீங்கள் இதை எழுதவில்லை. உங்கள் தலைக்குள் நடக்க வேண்டிய மாற்றத்தை எந்தக் கருவியும் உங்களுக்குப் பதிலாகச் செய்து தராது. அதேநேரம் ஏஐயைத் தொடவே மாட்டேன் என்ற விரதமும் வேண்டாம். வேலைக்குத் திரும்பும் இடத்தில் அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்பார்கள். முதன்மை நிரலில், ஆவணத்தின் ஒரு பத்தி புரியவில்லை என்றால் விளக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுதியதில் ஓட்டை எங்கே என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லாதீர்கள். பரிசோதனைக்கான பத்து லட்சம் வரிசை மாதிரித் தரவை உருவாக்குவது போன்ற பக்கவேலைகளை அதனிடம் முழுவதுமாக விட்டுவிடுங்கள். அதை வேலை வாங்கும் பழக்கமும் அப்படியே வரும். எல்லை மீறிவிட்டோமா என்று சந்தேகம் வந்தால் பேர் புரோகிராமிங்கில் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டு நீங்கள் விழித்தால், அந்த வரி இன்னும் உங்களுடையதாகவில்லை.

அடுத்து நேரம். இதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் குறிக்கோள்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை, நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை எட்டரை. உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடும் மகளின் வீட்டுப்பாடமும் மாமியாரின் மருந்தும் சரியாக அந்த நேரத்தில் வரும். ரிட்ரீட் முழுநேர ஈடுபாட்டை எதிர்பார்ப்பது. எனவே மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தைத் தனியாகப் படிப்பதற்கும் எழுதுவதற்கும், இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை மனிதர்களோடு செய்யும் வேலைக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து கலந்துகொள்பவர்கள் யாராவது இருந்தால் நம் பிற்பகலிலேயே அவர்களோடு உட்காரலாம், முதல் நாளே விசாரியுங்கள். அந்த மூன்று மணி நேரம் ஆறு வாரத்துக்கு வீடு கணவருடையது. அவருக்குச் சொல்ல வேண்டியது தேதிகள், மருந்துப் பெயர்கள், மாவு எங்கே இருக்கிறது என்பது மட்டுமே. இடையில் கதவைத் தட்டக்கூடாது என்று மகளிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது நல்லது. ஒருநாள் எல்லாம் தலைகீழாகும், யாருக்காவது காய்ச்சல் வரும். அன்றைக்குச் சாட்டில் ஒரு வரி எழுதிவிட்டு விடுங்கள். போன நாளை மறுநாள் இரவு இரண்டு மணிவரை விழித்து ஈடுகட்ட வேண்டாம்.

வேலைக்குத் திரும்புவதற்கென்றே பெரிய நிறுவனங்கள் சில ரிட்டர்ன்ஷிப் என்ற பயிற்சித் திட்டங்களை நடத்துகின்றன. டாட்டா குழுமம் 2008-லேயே இடைவெளி விட்ட பெண்களுக்காக ஒன்றைத் தொடங்கியது. அவற்றுக்கு விண்ணப்பிப்பது நல்லதே, ரிட்ரீட் முடிந்த பிறகு. அந்த ஆறு வாரத்துக்குள் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பாதீர்கள்.

கடைசியாக மொழி. ஜாவாவிலேயே எழுதுங்கள். ஒரே நேரத்தில் புது மொழியும் புது விஷயமும் என்றால், நிரல் ஓடாதபோது எது காரணம் என்று தெரியாமல் இருமடங்கு தவிப்பீர்கள். தவிர, எஸ்க்யூஎல்லைட் தன் எண்களைப் பெரிய பைட் முதலில் வரும் பிக்-எண்டியன் முறையில் எழுதுகிறது. ஜாவாவில் பைட்களைப் படிக்க உதவும் பைட்பஃபரும் சொல்லாமலேயே அப்படித்தான் படிக்கும், ஒரு தலைவலி மிச்சம். இன்னொரு தலைவலி இருக்கிறது. ஜாவாவில் பைட் என்பது குறியுடைய எண், 127-க்கு மேல் போனால் எதிர்மறையாகிவிடும். நீளம் மாறும் எண்களைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பைட்டையும் 255-உடன் பிட் அளவில் AND (&) செய்ய மறக்காதீர்கள். கோப்பின் முதல் 16 பைட் வெறும் அடையாள எழுத்துகள். அடுத்த இரண்டு பைட்தான் பக்க அளவு, அதில் 1 என்று இருந்தால் 65,536 என்று பொருள். முதல் பக்கத்தில் மட்டும் மரத்தின் தலைப்பு நூறாவது பைட்டிலிருந்து தொடங்கும், ஏனென்றால் முதல் நூறு பைட் கோப்பின் தலைப்பு. ஆனால் அந்தப் பக்கத்துக்குள் தகவல் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளைப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்தே எண்ண வேண்டும், நூறிலிருந்து அல்ல. ஏறக்குறைய எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நாளை இழக்கிறார்கள். நான் சொல்லியும் நீங்களும் இழந்தால், உங்கள் முதல் பேர் புரோகிராமிங்குக்கு அந்தப் பிழையையே எடுத்துப் போங்கள்.